பாயில் கிடந்த வேர்க்கட்டு

ஃபிலிமோனி கையில், மரியாதைக்குக் கொடுக்கிற யங்கோனா வேர்க்கட்டோடு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்ததும் ரோப்பாத்தேவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. ஊருக்குள் வந்ததற்கான கட்டை அவன் ஏற்கெனவே ஊர்த்தலைவர் வீட்டில் வைத்துவிட்டான். இது இரண்டாவது கட்டு. தேசிய ரக்பி அணிக்கு ஆள் பொறுக்குகிறவன் இன்னொரு கட்டோடு ஒருத்தர் வீட்டைத் தேடி வந்தால் என்ன அர்த்தம்? மன்னிப்புக் கேட்க வருகிறான். மகன் அப்போரோசாவைக் கழித்துவிட்டார்கள்.

அந்தத் தேர்வுக்காரர்களைக் கிழவர் ரோப்பாத்தே என்றைக்கும் நம்பியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளனை அவ்வளவுகூட நம்பியதில்லை. பந்தைத் தூர உதை, தூர உதை என்று ரேடியோவில் பேசுகிற ஆள் அவன். அப்போரோசாவோ உதைக்கவே மாட்டான். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், தரையில் சாய்கிறபோதே ஒற்றைக் கையால் பந்தைப் பின்னால் வருகிறவனுக்குத் தள்ளிவிடுவான். மாகாண இறுதியாட்டத்தில் சொந்தக் கோட்டருகே நின்று அப்படித் தள்ளினான். பந்து எதிராளி கையில் விழுந்தது, ஆட்டம் போயிற்று.

ஃபிலிமோனி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டை முன்னால் வைத்தான். அதைத் தொட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். அப்புறம் மனசில் எதையும் வைத்திருக்க முடியாது. ரோப்பாத்தே இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"என்ன பெரிசு, கை விளங்கலையா?"

"என் கை கிடக்கட்டும். உங்க ஊர்க்காரனுங்களுக்குக் கண்ணு எப்போ அவிஞ்சுது?"

"இங்க பார்க்க என்ன இருக்கு? சேறு, நண்டு, அப்புறம் நீங்க."

இருவர் ஊருக்கும் தௌவு என்ற கேலி முறை. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம், கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டும் போகலாம், கோபப்படக் கூடாது. ஆனால் கிழவருக்கு அன்று கோபம்தான் வந்தது.

"எம்மவன் ஏன் உதைக்கிறதில்லேன்னு உங்க பயிற்சியாளனுக்குத் தெரியுமாடா? எங்க மைதானத்துக்கு ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் அலையாத்திக் காடு. ஊருக்கே ஒரு பந்து. உதைச்சவன் சேத்துல முங்கித் தேடணும். அதனால எந்தப் பயலும் உதைக்கல. அது குத்தம்னு மன்னிப்புக் கேக்க வந்துட்டே."

ஃபிலிமோனி தோள் குலுங்கச் சிரித்தான்.

"மன்னிப்பா? யோவ் பெரிசு, நான் பையனைக் கேக்க வந்திருக்கேன். உதைக்க என்கிட்ட ஆளு இருக்கு, விழும்போதும் பந்தைச் சாகவிடாதவன்தான் வேணும்னு பயிற்சியாளரே சொல்லிட்டாரு. அந்த இறுதியாட்டத்துப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாரு. தள்ளினவன் மேல தப்பில்ல, பின்னால வந்தவன் தூங்கிட்டான்னாரு."

"அப்போ எம்மவனையே கேட்டுக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"கூப்பிட்டாச்சு. வரமாட்டேங்கறான். கிழங்கு நடுற காலம், அப்பா ஒத்தை ஆளு, அவருகிட்ட சொன்னா, போடான்னுட்டுத் தனியா முதுகொடிவாருங்கறான். உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்."

ரோப்பாத்தே வாசலுக்கு வெளியே பார்த்தார். தோட்டத்துப் பக்கம் அப்போரோசா குனிந்து மண்ணைக் குத்திக்கொண்டிருந்தான். இந்த வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து, அவனுடைய பங்கையும் அப்பாவுடைய பங்கையும் சேர்த்தே நட்டிருந்தான். சோறு தின்னக்கூட ஒழுங்காக வரவில்லை. ஏதோ கோபம் என்று கிழவர் நினைத்திருந்தார்.

அக்குளிலிருந்து கைகள் வெளியே வந்தன. கட்டைத் தொட்டு, ஏற்றுக்கொண்ட அடையாளமாக உள்ளங்கைகளைக் குழித்து மெதுவாகக் கை தட்டினார்.

"விநாகா," என்றார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய். இன்னொரு தடவையும் சொன்னது. "அந்தப் பயிற்சியாளரு கண்ணு நல்லா இருக்கணும். உன் கண்ணும்தான். பையன் போய்த் தொலையட்டும். நான் நட்டுக்கறேன்."

படகுக்குத் திரும்பும்போது ஃபிலிமோனி தௌவு முறைப்படி முற்றத்துச் சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பாதி மேடு இறங்கியிருப்பான், பின்னால் கிழவர் மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு பெட்டைக்கோழி படபடத்தது.

"இதையும் எடுத்துட்டுப் போடா, குருட்டுப் பயலே. சேவல் தனியா ஏங்கிப்போயிடும்."