கார்கள் போகும்வரை

களையெடுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் சபர்கெல்டியின் குடும்பம் விடிந்ததிலிருந்து பருத்திக்குள் நின்று வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. மேலிடத்துக் கார்கள் மாரி நகருக்குப் போகும் சாலையில் வரப்போகின்றன. வரும்போது வயலில் ஆள் தெரிய வேண்டும் என்று கண்காணி ஹோஜா சொல்லியிருந்தான். யாரும் நகரக் கூடாது.

ஜூலை வெயில். களைக்கொத்தின் இரும்பில் கை பட்டால் தோல் ஒட்டியது. தண்ணீர்க் கேனும் டீ பிளாஸ்க்கும் முசுக்கட்டை மரத்தடியில் இருந்தன. அங்கேயே சபர்கெல்டியும் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் மடையைப் பார்க்க அவர் எழுந்து போவார், அப்போது மருமகள் ஓகுல்சோனா தண்ணீர் குடித்துக்கொள்வாள். இன்று அவரும் நகரவில்லை. வசந்தத்தில்தான் அவளுக்குக் கல்யாணம். புது மருமகள் மாமனார் எதிரே முக்காட்டு முனையைப் பல்லில் கடித்திருக்க வேண்டும். பேசக் கூடாது, வாய் திறந்து குடிக்கக் கூடாது.

"அண்ணி, குடிச்சியா?" நாத்தனார் சுல்குன் கேட்டாள்.

ஓகுல்சோனா கண்ணால் மாமனாரைக் காட்டினாள்.

"அவரு உன் வாயையேவா பாத்துட்டிருக்காரு? தாடிக்குள்ள பேன் தேடிட்டிருக்காரு. திரும்பிக் குடி, நான் மறைச்சுக்கிறேன்."

முக்காட்டுக்கு மேலே ஓகுல்சோனாவின் கண்கள் சிரித்தன. ஆனால் குடிக்கவில்லை. சுல்குன் தன் வரிசைக்குப் போனாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது சபர்கெல்டி கத்தினார்.

"சுல்குன்! உங்க அண்ணிகிட்டச் சொல்லு, அவ வெட்டுறது களை இல்ல, நம்ம சோறு!"

ஓகுல்சோனா பருத்திச் செடிகளை அடியோடு வெட்டிக்கொண்டே போனாள். சுல்குன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கை காய்ந்து கொதித்தது. அவள் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பேசாமலிருப்பவள் பேச்சு குழறுவது எப்படித் தெரியும்?

"அப்பா, இவளுக்கு வேர்க்கவே இல்ல!"

"வேர்க்கலன்னா வெயில் பழகிடுச்சு," என்றான் ஹோஜா, சாலையைப் பார்த்தபடி.

ஓகுல்சோனா முழங்கால் மடிந்து சால் நடுவே விழுந்தாள்.

சபர்கெல்டி, கோடையிலும் போட்டிருக்கும் தன் பஞ்சு வைத்த மேலங்கியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "இதைப் போட்டு மூடு. சூடா டீ ஊத்து. வேர்த்தா இறங்கிடும்."

"மூடாதப்பா! அடுப்பு மாதிரி கொதிக்கிறா!"

கேனில் மிச்சமிருந்ததைச் சுல்குன் அவள் தலையில் ஊற்றினாள். அது முகத்தைக்கூட முழுதாக நனைக்கவில்லை. வாய்க்காலில் பெயருக்குக்கூட ஈரமில்லை.

"வண்டிய எடு ஹோஜா," என்றார் சபர்கெல்டி. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சாலைய அடைச்சாச்சு பெரியவரே. கார் போகட்டும், நானே ஓட்டுறேன்."

"எப்ப போகும்?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. எந்திரிங்க, கொத்த எடுங்க. கூட்டமா நிக்காதீங்க!"

சபர்கெல்டி எழவில்லை. மருமகளின் முகத்தருகே குனிந்தார். "பேசும்மா. நான்தான் சொல்றேன்ல. பேசலாம், பேசு." பல் இறுகியிருந்தது.

அப்போது சாலையில் லாரிச் சத்தம் கேட்டது. சுல்குன் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் லாரி. கார்களின் மேல் புழுதி படாமலிருக்க, இரண்டு பக்கமும் பீய்ச்சிக்கொண்டு மெதுவாக வந்தது.

"ஏய், அங்க போகாத! நில்லுடி!" ஹோஜா அவள் கையைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடினாள். நீரில் புகுந்து நின்றாள். கவுனும் கால்சட்டையும் தலைத்துணியும் நனைந்து கனத்தன. ஓட்டுநர் ஹார்ன் அடித்தான். நனைந்த கவுனைச் சுருட்டி அணைத்தபடி திரும்பி ஓடி வந்து, அண்ணியின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தாள்.

"அண்ணி, தண்ணி. அண்ணி."

கீழே இருந்த உடம்பின் சூடு ஈரத்தைத் தாண்டி அவள் வயிற்றைச் சுட்டது. மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்கு அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

சாலையில் தார் அதற்குள் காய்ந்துவிட்டது. கார்கள் இன்னும் வரவில்லை. லாரி திரும்பி வந்து, மறுபடி நனைத்துக்கொண்டு போனது.