டாக்டர் லியாவ் பார்க்காத முகம்

டாக்டர் லியாவின் பெருமைகளை ஆஸ்பத்திரிக் கூடத்தில் என் உயரத்துக்கு ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பயிற்சி, ஜப்பானில் பயிற்சி, கதிர்வீச்சு மருத்துவச் சங்கத்தில் பதவி, விருதுக்கு மேல் விருது. பாக்கு மென்றுகொண்டே லாரி ஓட்டிய என் கணவர் சியூ ஆ-ஹோக்குக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றதும், குடும்பமே கூடி அந்தப் பலகையை மாப்பிள்ளை ஜாதகம்போல வாசித்து இவரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றை மட்டும் அதில் எழுதவில்லை. மனிதர் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். கணினித் திரையைப் பார்த்தே நலம் விசாரிப்பார்.

கதிர் பாயும்போது தலை அசையக் கூடாதென்று முகத்தை அச்செடுத்து வலைபோல ஒரு முகமூடி செய்து, மேசையோடு பூட்டுவார்கள். கஞ்சிகூட இறங்காமல் என் கணவர் இளைக்க இளைக்க, முகமூடி தொளதொளத்துப் போனது. கதிர் இடம் மாறிப் பாய்ந்தால் என்ன ஆவது? ஊழியர்களிடம் கேட்டால் டாக்டர்தான் சொல்லவேண்டும் என்றார்கள். டாக்டரிடமே சொன்னேன்.

"ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார், திரையைப் பார்த்து.

கதிர் எந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க அதன் தலையில் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பாக்கெட் ஒன்று வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அது காலாவதி ஆவதற்குள் மறக்காமல் மாற்றிவிடுவார்கள். பாக்கெட்டுக்குக் கிடைத்த கவனிப்பு என் கணவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் டாக்டருக்கு இன்னொரு விருது வந்தது. சிகிச்சை அறைக்குள்ளேயே வீடியோ எடுக்க வந்துவிட்டார்கள். துணைக்கு வந்திருந்த என் கொழுந்தன் ஆ-செங், பொரித்த கோழி விற்று அதைத் தானும் தின்று கொழுத்தவன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சியூ சார், நல்லா உடம்பு தேறிட்டீங்களே! இதத்தான் நான் எதிர்பார்த்தேன்."

கேமரா முன்னால் பெரிய மனிதரைத் திருத்துவது மரியாதையா? ஆ-செங் எழுந்து குனிந்து நன்றி சொன்னான். தன் நோயைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்த டாக்டரைப் பார்த்து என் கணவரும் பணிவாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர், அவரு தம்பி. நோயாளி இவரு."

டாக்டர் திருதிருவென்று விழித்தார். என் கணவர் முகமூடிகள் அடுக்கிய அலமாரிக்குப் போய், தன் பெயர் எழுதியதை எடுத்து முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அட, சியூ சார்!" என்றார் டாக்டர். அந்த முகம் அவருக்குத் தெரிந்திருந்தது.

முகமூடியைப் பிடித்த கை அசையாமல், என் கணவர் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம். முகமூடி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே என் கணவர் என்னைப் பார்த்தார்.

டாக்டர் கேமராவை நிறுத்தச் சொன்னார். முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல்களை விட்டுப் பார்த்தார், சுலபமாகப் போயின. அன்றைய சிகிச்சையை நிறுத்தி, புதிதாக அச்செடுத்து கதிர் பாயும் இடத்தை மறுபடி கணக்குப் போடச் சொன்னார்.

"எத்தன நாளா இப்படி?"

"நீங்க திரையப் பாத்துக்கிட்டிருந்த நாளெல்லாம்," என்றேன்.

வீடியோ வெளிவந்தது. குணமான நோயாளியாக ஆ-செங் அதில் குனிந்து நன்றி சொல்கிறான். இப்போதெல்லாம் நாங்கள் உள்ளே போனதும் டாக்டர் திரையை விட்டுத் திரும்பி, "உங்கள்ல யாரு நோயாளி?" என்று கேட்கிறார். என் கணவர் கையைத் தூக்குகிறார்.