வெற்றிலைச் சிவப்பு

ரப்பர் விலை விழுந்த வருடத்தில், கடலுக்கு அப்பால் பாலோவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். உழைக்க முடியாதவர்களைச் சர்க்காரே செலவு செய்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றும் என்று சொன்னார்கள். ஐயாசாமிக்கு அந்தக் கப்பல் கிடைக்கும் என்று அவன் மனைவி வெள்ளையம்மா நம்பியிருந்தாள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் அவனை உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது. மாலையானால் பாதங்கள் வீங்கும். ஊருக்குப் போனால் பிழைப்பான். இங்கேயே இருந்தால் அடுத்த மழையைத் தாண்டமாட்டான். இதை இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்தில் நோயை மறைப்பது எல்லோரும் பழகிய காரியம். விடிகாலைப் பெரட்டில், பேர் கூப்பிட வரிசையாக நிற்கும்போது முகம் வெளுத்திருந்தால் கங்காணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கே போய்த் திரும்பியவர்கள் குறைவு. அதனால் காய்ச்சல்காரர்கள் வெற்றிலை போட்டு வாயைச் சிவக்க வைத்து, முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். ஐயாசாமியை வெள்ளையம்மா அப்படித்தான் இத்தனை நாள் நிற்க வைத்திருந்தாள்.

கப்பலுக்குப் போகிறவர்களைப் பார்க்க டாக்டர் வருகிறார் என்று கங்காணி செல்லப்பன் கூலிகள் குடியிருந்த வரிசைவீடுகளில் லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் அவளுக்கு அடுத்த வீட்டுக் காளியப்பனின் நினைவுதான் வந்தது. டிக்கெட் கிடைத்துத் துறைமுகம் வரை போனவன் அவன். முகம் வெளுத்திருக்கிறது, நடுக்கடலில் செத்துப்போவான் என்று அங்கிருந்த டாக்டர் அவனை ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த மறுமாதமே அவனைக் காட்டோரத்தில் புதைத்தார்கள்.

அன்று காலை அவள் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து எடுத்தாள். பாக்கைச் சற்றுக் கூடுதலாகவே வைத்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் எண்ணெய் மினுங்கியது. வீங்கிய கால் தெரியாதபடி வேட்டியை இறக்கிக் கட்டிவிட்டாள். வரிசையில் அவனைப் பார்த்த செல்லப்பன் சிரித்தார்.

“என்னாய்யா, பொண்ணு பாக்கப் போறியா? மாப்புள மாதிரி நிக்கிற.”

டாக்டர் வரிசையோரம் நடந்துவந்தார். ஐயாசாமியின் எதிரே நின்று ஏதோ கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அமலநாதன் அதைத் தமிழில் சொல்வதற்குள், பெரட்டில் துரைக்குச் சொல்லிப் பழகிய பதில் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நல்லா இருக்கேன் தொரெ.”

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

வரிசை கலைந்த பிறகு அமலநாதன் அவளைத் தனியே அழைத்தார். இன்று பார்த்தது கடலைத் தாங்குவானா என்பதை அல்ல, மரம் சீவ முடியுமா என்பதைத்தான் என்றார். முடியாது என்று எழுதினால்தான் டிக்கெட். கடலைத் தாங்குவானா என்று பார்ப்பது அதன்பிறகு, துறைமுகத்தில். பிறகு, டாக்டர், துரையின் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார் என்றும், வாயைக் கழுவி அங்கே அழைத்து வந்தால் தான் பேசிப்பார்ப்பதாகவும் சொன்னார்.

ஆஸ்பத்திரி மேட்டுக்கு அப்பால் இருந்தது. போகும் வழியில் ஓடையருகே அவனை உட்கார வைத்து, கரித்தூளால் வாயைத் தேய்த்தாள். பற்களின் கறை மங்கியது. உதடு மங்கவில்லை. மணலைச் சேர்த்துத் தேய்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தான். தண்ணீரை அள்ளி ஊற்றிப் பார்த்தபோது உதடு முன்பைவிடச் சிவந்திருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“போதும் புள்ள, எரியிது” என்றான்.

மேடு ஏறும்போது வெயில் நேராக இறங்கியது. ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். பங்களாப் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. டாக்டர் போய்விடுவாரோ என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கிறோம் என்று தெரிந்தும் விடவில்லை.

டாக்டர் போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரேதான் ஐயாசாமி ஆஸ்பத்திரிப் படியில் சரிந்து விழுந்தான்.

இம்முறை டாக்டர் நிதானமாகப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்தார். உள்ளே சோற்றுக் கஞ்சியின் நிறம். காலை அமுக்கினார், விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அமலநாதனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். புழுதி அடங்கும்வரை அமலநாதன் திரும்பவில்லை.

“என்னாங்கய்யா சொன்னாரு?”

“வேலைக்கி ஆகாதாம்மா. எழுதிட்டாரு.”

அவள் கைகூப்பினாள். அவர் அந்தக் கைகளைப் பார்க்காமல் சொன்னார்.

“கப்பலுக்கும் ஆகாதாம். ஏத்துனா வழியிலயே போயிருவான்னு சொல்றாரு. இங்கயே படுக்க வைக்கச் சொல்லிட்டாரு.”

“ஒடம்பு தேறிட்டா?”

அமலநாதன் தாடையைத் தடவிக்கொண்டார்.

“தேறிட்டா மரம் சீவலாம்னு எழுதிருவாங்க.”

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருவன் எவ்வளவு நோயாக இருந்தால் அனுப்புவார்கள், எவ்வளவு நன்றாக இருந்தால் ஏற்றுவார்கள். அந்த இடத்தில் அவன் எப்போதாவது ஒரு நாள் நின்றிருப்பான். அன்றைக்கும் அவள் வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பாள்.

அவள் மட்டும் போவதானால் கப்பல் டிக்கெட் கொடுக்கும் ஏஜெண்டு ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கக்கூடும் என்றார் அமலநாதன். அவள் தலையசைத்தாள். போகிறேன் என்றா, மாட்டேன் என்றா என்று அவரும் கேட்கவில்லை.

உள்ளே பலகைக் கட்டிலில் ஐயாசாமி கிடந்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டில்காரன் இருமிவிட்டு ஓய்ந்தான். சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பார்வை முடியும்வரை நின்றன. காய்ச்சல் ஏற ஆரம்பித்தது. வெகுநேரத்துக்குப் பிறகு அவன் கையூன்றி எழப்பார்த்தான்.

“பெரட்டுக்கு நேரமாச்சா? கங்காணி கத்தப்போறான். வெத்தல குடு புள்ள.”

வெளியே பெரட்டு எதுவும் இல்லை. மடியை அவிழ்த்தாள். காலையில் எஞ்சிய ஒரு வெற்றிலை வாடிக் கிடந்தது. காம்பைக் கிள்ளினாள். உதட்டுப் புண்ணில் காரம் படாமலிருக்கச் சுண்ணாம்பு வைக்காமல் மடித்து, அவன் நாக்கின் நடுவில் வைத்தாள்.

அவன் மெல்ல மெல்ல மென்றான். சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை சிவக்காது.

“செவந்திருக்கா?” என்று கேட்டான்.

“செவந்திருக்கு” என்றாள்.

அவன் படுத்தவாறே தோள்களை நிமிர்த்திக்கொண்டான்.