தொங்கிய கோடு

பதினாறு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நிற்கிறேன். ஒரு கோடு கோணலாக ஓடினால் தூக்கக் கலக்கத்திலும் என் கை நின்றுவிடும். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கோ நடுக்கடலில் இருக்கும் ஓர் எரிமலைத் தீவுக்குப் போகும் டி-ஷர்ட்டுகள். மார்பில் தீவின் படம், அதற்கடியில் ஒரு தடித்த கோடு. கோடு நடுவில் தொங்கியது. முதலில் வந்த முந்நூறு பீஸிலும் ரிஜெக்ட் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பிரிண்டிங் தங்கவேலுவிடம் கோட்டை நேராக்கச் சொன்னேன். என் பேச்சை அங்கே யாரும் தட்டுவதில்லை. மீதி இரண்டாயிரத்தையும் நேராகவே அடித்துக் கொடுத்தார்.

பத்தொன்பது நாளாக லீவில்லை. மறுநாள் ஞாயிறு. மதியம்வரை தூங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சனி மாலை, ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் இளங்குமரன் ரிஜெக்ட் குவியலைப் பார்த்துப் பதறினார்.

"ஏனுங்க்கா, இதெல்லாம் எதுக்கு ரிஜெக்ட்?"

"கோடு தொங்குதுங்க சார்."

"அது தொங்கத்தான் வேணுமுங்க்கா! பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டா இருக்குதுங்க. ரெண்டு தட்டு ஒரசற ஓரத்துலதான் பெரும்பாலும் நெலம் நடுங்கும். இந்தத் தீவு ஓரத்துல இல்ல, ஒரு தட்டுக்கு நட்டநடுவுல. அடியிலிருந்து நெருப்புக் கொழம்பு பாறைய ஒடச்சுட்டு மேல வரும், அப்பவும் ஆடும். அது கொட்டிக் கொட்டி மலையாகி, அந்தப் பாரத்துல கீழ இருக்கற தட்டே வளையுதுங்க. வளைஞ்ச பாறை ஆழத்துல ஒடைஞ்சாலும் தீவு ஆடும். அந்தத் தட்டு வளையறதத்தான் கோடா வரைஞ்சிருக்காங்க. நல்லவேளை, முந்நூறோட போச்சு. ஸ்டிக்கரை உரிச்சுட்டு, பேக் பண்ணுனதோட சேத்துருங்க."

பேக் செய்த பெட்டிகளை அவர் திறந்து பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் ஞாயிறு என்னுடையது. அந்தக் கோட்டை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

பத்து ஸ்டிக்கர் உரித்தேன். தீவின் மேல், தங்கவேலுவின் மேல், எல்லாவற்றையும்விட என் மேல் எரிச்சலாக வந்தது.

"சார், மீதி ரெண்டாயிரமும் நேரா இருக்குதுங்க. நாந்தானுங்க மாத்தச் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டிகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை லாரி. ரெண்டாயிரமும் புதுசா அடிச்சு, செக் பண்ணிப் பேக் பண்ணோணும். நாளைக்கு எல்லாருமே வரணுமுங்க்கா."

மேஜையைச் சுற்றி என்னோடு செக்கிங் செய்யும் பதினொரு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் பத்தொன்பது நாளாக லீவில்லாதவர்கள்தான்.