பாச்சைகளுக்கு இறங்காத சோறு

எங்கள் ஊர்க் குகையில் வாழும் பாச்சைப் பூச்சிகள், துக்கத்தில் ஒருவர் சாப்பிட முடியாமல் வைத்த சோற்றை மட்டுமே தின்னும். வயிறு நிறைந்தவர்கள் வைத்த மிச்சத்தைத் தொடாது. அதனால் ஊரில் எப்போதும் ஒருவருக்குச் சோறு இறங்காமல் இருக்க வேண்டும். மூன்று வருடம் அந்த ஆள் நானாக இருந்தேன்.

என் மனைவி செங்கமலம் இறந்த பதினேழாம் நாள், பாச்சைகளைக் காக்கும் பூச்சி ஆபீஸிலிருந்து மதிவதனி மேடம் வந்து, இனி குகைக்குச் சோறு வைப்பது நான்தான் என்ற உத்தரவைக் கொடுத்தார். அன்றிலிருந்து நீராகாரத்தில் என் உயிர் நின்றது. தினமும் மதியம் என் தங்கை சோறு போடுவாள். ஒரு வாய்கூட இறங்காது. இலையோடு குகைக்குக் கொண்டுபோவேன். கண்ணில்லாத அந்த வெளுத்த பாச்சைகள் மீசையால் தடவிப் பார்த்துவிட்டுத் தின்னும்.

போன ஆடியில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பின் வாசனைக்குப் பசித்தது. பாதி இலையைக் காலி செய்துவிட்டேன். தங்கை இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் சாப்பிட்டேன். செங்கமலம் என் தொண்டையை விட்டும் போய்விட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கை காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மீதிச் சோற்றைப் பாச்சைகள் தடவிப் பார்த்துவிட்டு விலகிப் போயின. ஐந்தாம் நாள் சாகத் தொடங்கின. மதிவதனி மேடம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அவங்கள நெனைக்கிறீங்களா?"

"நெனைக்கிறேன் மேடம். பசிக்குது."

"போட்டோவ முன்னால வெச்சுப் பாருங்களேன்."

"வெச்சேன். ரெண்டாந்தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

அதை அவர் எழுதிக்கொண்டார். "ஊர்ல வேற யாருக்கும் துக்கம் இல்லையா?"

"இருக்கு. எல்லாரும் சாப்பிட்டுடுறாங்க."

மறுநாள் பக்கத்து ஊரில் மகனைப் பறிகொடுத்த ஒருவரின் சோற்றை ஜீப்பில் கொண்டுவந்தார். இருவரும் குகைக்குள் போனோம். உயிரோடு இருந்தவை பன்னிரண்டு; மேடம் எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சோற்றைத் தடவிப் பார்த்தன. சரியான சோறுதான். ஆனால் ஒரு பருக்கைகூடத் தின்னாமல், செத்துக் கிடந்தவற்றின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டன.

"இதுங்களுக்கும் எறங்கல," என்றார் மேடம்.

எனக்குப் பசித்தது. இலையை என் பக்கம் இழுத்து, முழுவதையும் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

மேடம் பதிவேட்டில் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார். பிறகு பையிலிருந்து பாச்சைகளின் மீசையை அளக்கும் ஸ்கேலை எடுத்தார். அவர் என் மீசையை அளந்து முடிக்கும்வரை முகத்தை அசைக்காமல் வைத்திருந்தேன்.