பொட்டு வைத்த சி.டி.

சர்வர் ரிப்பேருக்குப் போகிறவளிடம் யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. "ஒண்ணுமே செய்யலைங்க, தானா போயிருச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை, மேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனிலும் அதே பாட்டுதான். பேசியவர் அங்கே ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் கல்யாணராமன்.

"வர்ஷினி, நோயாளிங்க ஃபைல் ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் காலி. நாங்க எதையும் தொடலை."

"தொடாம எப்படி சார் போகும்?" என்று கத்திவிட்டு, பழங்காநத்தத்திலிருந்து ஸ்கூட்டியை விரட்டினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு வழியில் இருந்த அத்தனை சிக்னலிலும் அதை நிரூபித்தேன்.

ரெக்கார்டு ரூம் வாசலில் ஒரு பெண் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். பெயர் பவதாரிணி, மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். அவள் தம்பி சிவபாண்டிக்கு இரண்டு கிட்னியும் போய் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. இவள் ஒன்றைக் கொடுக்கிறாள். அதற்கு அனுமதி தருகிற குழு அன்று மூன்று மணிக்குக் கூடுகிறது. ரத்தப் பொருத்தம், திசுப் பொருத்தம், டாக்டர்களின் குறிப்பு எல்லாமே லேபிலிருந்து நேராக சர்வருக்குப் போய்விடும். காகிதமே கிடையாது. இன்று விட்டால் குழு அடுத்த மாதம்தான் கூடும். அவ்வளவு நாள் தம்பி தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"மேடம், கெடைச்சிருமா?"

"கிடைக்கும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

சாஃப்ட்வேரைத் திறந்தால் மொத்தக் கோப்புகள் பூஜ்யம். பேக்கப் டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். அதிலும் பூஜ்யம். கல்யாணராமன், "மீனாட்சித் தாயே!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

இரண்டு டிஸ்க்கும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் காலியாகுமா? சந்தேகத்தோடு டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். இடமே இல்லை, நிரம்பி வழிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

"சார்! ஃபைல் போயிருந்தா இடம் காலியாகியிருக்கணும்ல? எங்கயும் போகலை. எல்லாம் உள்ளதான் இருக்கு!"

பவதாரிணி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நான் சொன்னேன்: "இந்த சாஃப்ட்வேர் ஃபைலைத் தானா எடுக்காதுங்க. லைப்ரரின்னு சின்னச் சின்ன ஃபைல் இருக்கும், அதுங்கதான் எடுத்துத் தரும். அந்த லைப்ரரி எங்க இருக்குன்னு சர்வர்ல பதிஞ்சு வச்சிருக்கும். தப்பான லைப்ரரியப் பதிஞ்சா, தப்பான வீட்டுக் கதவத் தட்டிட்டு ஆளே இல்லன்னு திரும்பி வந்துரும்."

பதிவைப் பார்த்தேன். அங்கே இருந்தது ஏழு வருடத்துக்கு முந்தைய லைப்ரரி. ஆனால் அதைப் பதிந்த தேதி நேற்று!

"சார், நேத்து பழைய சாஃப்ட்வேரப் போட்டது யாரு?"

கல்யாணராமன் மெதுவாக வந்து சர்வரின் சி.டி. டிரைவ் பட்டனை அமுக்கினார். சந்தனமும் குங்குமமுமாக, அந்தப் பழைய சாஃப்ட்வேரின் சி.டி. வெளியே வந்தது.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு இதையும் சாமிகிட்ட வைப்போம்மா. எங்களுக்கு இதானே ஆயுதம்? மறுநாள் ஒரு தடவ உள்ள போட்டு எடுத்துருவோம். பழைய மிஷின் சும்மா இருக்கும். இந்தப் புது சர்வர் 'இன்ஸ்டால் பண்ணவா'ன்னு கேட்டுருச்சு. நல்ல நாளும் அதுவுமா, மொத கேள்விக்கே 'நோ'ன்னு அமுக்க மனசு வரலை. 'எஸ்' குடுத்தேன். அப்புறம் அது கேட்ட எல்லாத்துக்கும் 'எஸ்'தான்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. திட்டை அப்புறம் வட்டியோடு கொடுத்துக்கொள்ளலாம் என்று வேலையில் இறங்கினேன்.

ஆஸ்பத்திரி முழுக்க எல்லோரையும் சாஃப்ட்வேரை விட்டு வெளியேறச் சொன்னேன். அதற்கே மதியமாகிவிட்டது. பழைய லைப்ரரியின் பதிவை நீக்கி, புதியதைப் பதிந்தேன். திறந்தால், பெயர்கள் கடகடவென்று கொட்டின. சிவபாண்டி! அமுக்கினேன். வெள்ளைப் பக்கம். அடுத்ததும் வெள்ளை.

"என்னாச்சு மேடம்?" பவதாரிணி திரைக்கு முன்னால் குனிந்தாள். மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

பெயரைக் காட்டுவது ஒரு லைப்ரரி, பக்கத்தைத் திறப்பது இன்னொன்று. அந்த இன்னொன்றின் மேலேயே பழையதை எழுதித் தொலைத்திருந்தது சி.டி. புதியது எங்கே? பேக்கப் டிஸ்க்! கோப்புகளோடு சாஃப்ட்வேரையும் சேர்த்தே பேக்கப் எடுக்க வைத்தது நான்தான். என் முதுகை நானே தட்டிக்கொள்ள நேரமில்லை. எடுத்துப் போட்டேன், பதிந்தேன், அமுக்கினேன்.

திசுப் பொருத்த அறிக்கை முழுசாகத் திறந்தது.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கன் வாங்க நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பவதாரிணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. பிரிண்டர் துப்பத் துப்ப கல்யாணராமன் காகிதங்களை அடுக்கினார். அவள் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அடுத்த ரிப்பேருக்குப் பரவையில் ஒரு கடைக்காரர் எனக்காகக் காத்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தும் கிளம்பாமல் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. பவதாரிணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம்பிக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சிவபாண்டி, சரின்னுட்டாங்கடா. கையெழுத்துப் போட்டாச்சு."

தம்பியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"யக்கா, அப்ப நான் வயிறு முட்டத் தண்ணி குடிக்கலாமா?"

"குடிக்கலாம்டா. ஆப்பரேசன் முடியட்டும், கொடம் கொடமாக் குடி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டயாலிசிஸ்னா தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது. ரெண்டு வருசமா அவனுக்குத் தண்ணிய டம்ளர்ல அளந்து குடுத்தது நான்தான் மேடம். இன்னொரு வாய் குடு யக்கான்னு கெஞ்சுவான்."