நான்கு அங்குல வெள்ளைக் கோடு

கோல்பி ரென்னரை யாராவது திட்டினால் மார்னி கோவாச்சுக்கு நன்றாகப் பசிக்கும். திங்கள்தோறும் சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கேரிக் பெண்ட் என்கிற அமெரிக்கச் சிற்றூரின் ஃபுட்பால் மன்றம் கூடும்; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால். அப்பாவைக் காரில் கூட்டிவருகிற சாக்கில் அவளும் ஓர் உறுப்பினராக வருவாள். மன்றத் தலைவி பெவ் டகெட் செய்து கொண்டுவரும் சில்லியில், பீன்ஸும் மாட்டுக்கறியுமாக, இரண்டு கிண்ணம் இறங்கும். அன்றைக்கு மூன்றாவது கிண்ணத்துக்கு எழுந்தாள். மெக்கானிக் ரஸ் அந்த அளவுக்குப் பிரமாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

“நேத்து டிவியில பாத்தீங்கல்ல? தோத்துட்டுச் சிரிக்கிறான்யா! எதிர் டீம்காரனைக் கட்டிப் புடிச்சு, காதுல ரகசியம் பேசி, ஈன்னு பல்லைக் காட்டறான். தோத்தா வயிறு எரியணும். எரியாதவன் என்ன குவார்ட்டர்பேக்? அவன் எப்படி டீமை நடத்துவான்?”

“உனக்கு ஜெயிச்சாலும் எரியுமே ரஸ்,” என்றார் மார்னியின் அப்பா ஸ்டான். கூடத்தில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள்.

“சிரிங்க, சிரிங்க. ஓட்டுப் போடறப்போ மட்டும் கொஞ்சம் யோசிங்க.”

அன்றைய தீர்மானம் ஒன்றுதான். கோல்பியின் ஒன்பதாம் நம்பரை இனி பள்ளி டீமில் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த ஜெர்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஜிம் சுவரில் மாட்டுவது. அறுபது வருஷத்தில் மூன்றே பேருக்குக் கிடைத்த மரியாதை அது. மூன்று பேருமே கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள். கோல்பியின் ஆட்டத்தை இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாடே உட்கார்ந்து பார்க்கிறது. இந்த ஊரிலிருந்து போய்ப் பெரிய டீமில் நிற்கிற முதல் ஆள் அவன்தான். ஆனால் ஊருக்கு அவன் கோப்பை வாங்கித் தரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் மில் ரன்னிடம் தோற்றான்.

மில் ரன்! ஆட ஆள் சேர்க்கவே திண்டாடுகிற பள்ளி. ஒரே ஹெல்மெட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்று கேலி செய்வார்கள். பதின்மூன்று ஆட்டத்தில் தோற்காத கேரிக் பெண்ட், சொந்த மைதானத்தில், மாவட்ட இறுதி ஆட்டத்தில், அவர்களிடம் மண்ணைக் கவ்வியது. கடைசி நிமிஷம். கடைசி முயற்சி. அரை கஜம் போயிருந்தால் கோல் வாசலில் இன்னும் நாலு முயற்சி கிடைத்திருக்கும். கோல்பி பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு பாய்ந்தான். அளந்து பார்த்தார்கள். மூன்று அங்குலம் குறைந்தது.

“என் பையன் டூவி அவன் பின்னாடியே நின்னான்,” என்றார் ரஸ். எட்டு வருஷமாகச் சொல்வதுதான். “காளை மாடு மாதிரி உடம்பு. அவன்கிட்ட குடுத்திருந்தா அரை கஜம் என்ன, அடுத்த தெரு வரைக்கும் போயிருப்பான். குடுத்தானா? மாட்டான். பேப்பர்ல தன் மூஞ்சிதான் வரணும். அது ஆட்டத்துல வந்த தப்பு இல்லய்யா. புத்தியில வந்த தப்பு.”

“அந்த வருஷம் முழுக்க நம்மளத் தூக்கிட்டு வந்ததே அவன்தான் ரஸ்,” என்றாள் பெவ்.

“தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டான்.”

மார்னி சில்லியை ஊதுகிற மாதிரி குனிந்து சிரித்துக்கொண்டாள்.

அவளும் கோல்பியும் ஒரே வகுப்பு. மார்னி வகுப்பில் முதல். கோவாச் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். அவளுக்குப் படிப்பு முழுக்க இலவசம் என்று கடிதம் வந்த அதே வாரம், கோல்பி, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போகிறான் என்று ஊருக்குக் காட்ட, அதன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். தொப்பி வைத்ததற்கு ஜிம் நிறைய ஜனம், பேண்டு வாத்தியம், கேக். அவள் படம் உள்ளூர்ப் பேப்பரில் ஆறாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே வந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் இன்றைக்கும் ஒட்டியிருப்பது தொப்பிப் படம்தான். ஒட்டியவர் அப்பா. ‘நம்ம பையன்’ என்பார். பட்டம் வாங்கித் திரும்பி வந்து கவுன்டி அலுவலகத்தில் குடிதண்ணீரைச் சோதிக்கிற வேலை பார்க்கிறாள் மார்னி. அவள் சோதித்த தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. அதற்கெல்லாம் யார் எழுந்து நின்று கை தட்டுவார்கள்?

ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாதது. அந்த மூன்று அங்குலம் குறையவே இல்லை.

நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால்தான் பந்து கையில் தங்கும். அந்தப் பத்து கஜத்தை அளப்பது இரண்டு கம்பும் அவற்றுக்கு நடுவே ஒரு செயினும். கேரிக் பெண்டில் அந்தச் செயின் இருபத்தேழு வருஷமாக ஸ்டானின் பொறுப்பு. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு நேராகச் செயினில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். அளக்க வேண்டி வந்தால் கிளிப்பைப் பிடித்துச் செயினைத் தூக்கிப் போய், மைதானத்துக்குள் அதே கோட்டில் வைத்து இழுக்க வேண்டும். கோட்டின் அகலம் நான்கு அங்குலம். கிளிப் எப்போதும் கோட்டின் பின் ஓரம். கோவாச் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜெபத்தைவிட அதிகமாகக் காதில் விழுந்த வார்த்தை அதுதான்: பின் ஓரம்.

அன்றைக்குக் கிளிப் பிடிப்பவருக்குச் சிறுநீரகக் கல். ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஸ்டான் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிளிப்பை வைக்க வேண்டிய நடுவர், அடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களைப் பிரிக்கப் போனவர், “நீயே வையும்மா,” என்று கத்தினார். எதிர்ப் பக்கமாக வந்து குனிந்த மார்னி, கிளிப்பை முன் ஓரத்தில் வைத்தாள். செயின் நான்கு அங்குலம் முன்னால் நகர்ந்தது. நடுவர் கையைக் காட்டி, குறைவு என்றார். மில் ரன் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சந்தோஷத்தில் அழுதார்கள். அப்போதுதான் அவள் தன் விரலைப் பார்த்தாள். முன் ஓரம்.

தப்பைச் செய்தது கை. வாயை மூடிக்கொண்டது அவள்.

“ஓட்டுக்கு விடலாமா?” என்று கேட்டாள் பெவ். ரஸ் பேசிய பேச்சில் பாதிப் பேர் கரைந்துவிட்டார்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது.

“ஒரு நிமிஷம்.” கடைசி வரிசையில் லைல் ப்ருவிட் எழுந்தான். இழுவை லாரி ஓட்டுகிறவன். அந்த ஆட்டத்தில் பந்தைக் கால்களுக்கு இடையே கோல்பியிடம் கொடுத்த சென்டர் அவன்தான். கூட்டத்தில் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. “பந்து தாண்டிருச்சு.”

“எந்தப் பந்து?”

“மில் ரன் ஆட்டத்துல. தாண்டிருச்சு. எனக்குத் தெரியும். கோல்பிக்கும் தெரியும்.”

“எட்டு வருஷம் கழிச்சு வந்து சொல்ற! அங்கயே கத்த வேண்டியதுதானே? வாயில என்ன வச்சிருந்த?”

“கத்தத்தான் போனேன் ரஸ். அவன் என் ஹெல்மெட்டப் புடிச்சு இழுத்து, வேணாம்னுட்டான்.”

“ஏனாம்?”

லைல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். மார்னி இருந்த பக்கம் அவன் கழுத்து திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாட்டிலேயே அவளுக்குப் புரிந்துபோயிற்று. “அதச் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்.”

மார்னியின் கையில் கரண்டி நின்றது. அன்றைக்குக் கோல்பி செயின் பக்கத்தில் முட்டி போட்டிருந்தான். கிளிப்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான். சனிக்கிழமை காலைகளில் சின்னப் பையன்கள் ஆட்டத்துக்குப் பள்ளி டீம்காரர்கள்தான் செயின் தூக்குவார்கள்; பின் ஓரம் அவனுக்கும் தெரியும். அந்தப் பார்வையை எட்டு வருஷமாகத் திமிர் என்றே நினைத்திருந்தாள். இவள் பெயர்கூட ஞாபகம் இல்லாதவனின் பார்வை என்று.

“இரு லைல்.” இப்போது எழுந்தவர் ஸ்டான். “பந்து தாண்டிச்சுன்னா என்ன அர்த்தம்? செயின் தப்புன்றியா?”

“நான் அப்படிச் சொல்லல சார்.”

“வேற எப்படி? இருபத்தேழு வருஷம்! மழையில, பனியில, என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்குக்கூட நான் செயின் புடிச்சிருக்கேன். என் செயின்ல தப்பு நடக்காது. கூட்டாளிக்காகப் பொய் சொல்ற. உக்காரு!”

லைலின் முகம் ரத்தச் சிவப்பானது. உட்கார்ந்தான்.

“அவ்வளவுதான்யா கதை,” என்றார் ரஸ். “பெவ், ஓட்டு எடு.”

இன்னும் ஒரு நிமிஷம் மார்னி சும்மா இருந்தால் போதும். அவள் ஆசைப்பட்டது தானாக நடக்கும். சுவரில் ஒன்பதாம் நம்பர் ஏறாது. ஆனால் பசி போய்விட்டிருந்தது. தன் ரகசியம் என்று அவள் எட்டு வருஷம் பொத்தி வைத்திருந்தது அவளுடையதே இல்லை. அவன் போட்ட பிச்சை. தொப்பி, பேண்டு, கேக், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவனுக்கு. இதுவும் அவன் கொடுத்ததா? அவன் காப்பாற்றித்தான் இவள் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தாளா?

கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“செயின் தப்புதான்ப்பா. நான்தான் வச்சேன். முன் ஓரத்துல.”

ஸ்டான் திரும்பினார்.

“எப்பத் தெரிஞ்சுது?” என்றார்.

“நடுவர் கை காட்டின உடனே.”

“உடனேவா?”

“உடனே.”

பெவ் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டாள். “ஐயோ கண்ணு, சின்னப் பொண்ணுதானே நீ. அத்தனை கூட்டம். பயந்துபோயிருப்ப.”

எவ்வளவு சுலபமான வழி! ஆமாம் என்று சொன்னால் போதும், சில்லியோடு இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டால் ஊரே அணைத்துக்கொள்ளும். மார்னி தோளை உதறினாள்.

“பயமெல்லாம் இல்ல பெவ். பொறாமை. எல்லாமே அவனுக்குக் கிடைக்குது, இது ஒண்ணாவது கிடைக்காம போகட்டும்னு வாயை மூடிட்டேன். அவன் தோத்தப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“லைல், இப்பச் சொல்லு,” என்றாள் அவள். “என்ன சொன்னான் அவன்? அப்படியே சொல்லு. மெருகு போடாத.”

லைல் தரையைப் பார்த்தபடி சொன்னான். “‘அது ஸ்டான் பொண்ணு. தெரிஞ்சா இந்த ஊரு அவள உரிச்சிரும். எனக்கு இன்னும் எத்தனையோ ஆட்டம் இருக்குடா, அவளுக்கு இந்த ஊரு ஒண்ணுதான்.’ இவ்வளவுதான் சொன்னான்.”

பெவ்வின் கண் கலங்கியது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். மார்னிக்குக் காது இரண்டும் சுட்டது. இந்த ஊர் ஒன்றுதான்! முழுப் படிப்பும் இலவசமாகப் போகவிருந்தவளைப் பற்றி ஒரு பதினேழு வயசுப் பையன், அதுவும் கணக்குப் பாடத்தில் இவள் பேப்பரை எட்டிப் பார்த்துத் தேறியவன், மேலிருந்து குனிந்து பார்த்து இரக்கப்பட்டிருக்கிறான். இதைவிடக் கேவலம், அவன் சொன்னது பலித்துவிட்டது. அவள் இங்கேதான் நிற்கிறாள்.

“தங்கம்யா அவன்!” ரஸ் மேசையைத் தட்டினார், அதே கை, அதே மேசை. “நான் எப்பவும் சொல்வேன்ல, அந்தப் பையன் வளர்ப்பே தனின்னு. நேத்து தோத்துட்டும் சிரிச்சான் பாத்தீங்களா? அந்த மனசு யாருக்கு வரும்?”

“அஞ்சு நிமிஷம் முன்னாடி வேற சொன்னியே ரஸ்,” என்றாள் பெவ்.

“அது அஞ்சு நிமிஷம் முன்னாடி.”

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு பெவ் ஓட்டுக்கு விட்டாள். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னாள். ரஸ் கைதான் முதலில், எல்லாவற்றையும்விட உயரத்தில். லைல் கை. ஒவ்வொன்றாக எல்லாக் கையும். ஸ்டான் கடைசியில், யாரையும் பார்க்காமல், கனமான எதையோ தூக்குவதுபோல் தூக்கினார்.

“எதிர்ப்பு யாரும் இல்லையே?” என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் பெவ் பேனாவை எடுத்தாள்.

மார்னி கையைத் தூக்கினாள்.

“ஏம்மா! நீயே எல்லாத்தையும் சொல்லிட்டு…”

“நடந்ததச் சொன்னேன். பிடிச்சிருக்குன்னு சொல்லலையே.”

“அவன் உனக்கு எவ்வளவு பெரிய…”

“நான் கேக்கல பெவ்.”

“இன்னுமா பொறாமை?” ரஸ்ஸுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

“இப்பத்தான் ஜாஸ்தி.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பெவ் குரலைத் தாழ்த்தினாள். “கண்ணு, இந்தத் தீர்மானம் கடிதமா அவனுக்கே போகும். ஒருமனதான்னு எழுதினா அழகா இருக்கும். கைய இறக்கேன்.”

“பத்தொம்பதுக்கு ஒண்ணுன்னு எழுதுங்க. அந்த ஒண்ணு யாருன்னும் எழுதுங்க. படிக்கட்டும்.”

பெவ் ஸ்டானைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல். ஸ்டான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு சரியா என்று இரண்டாம் முறை பார்க்கிறவர்போல, வெகுநேரம் பார்த்தார்.

“எழுது பெவ்,” என்றார். “கை இன்னும் இறங்கல, பாரு.”